"யாரிடமும் சொல்லக் கூடாது": சிங்கப்பூரில் ஓர் இரவு, ஒரு போலி விசாரணை – நிகழ்வு ஆய்வு

இதை எழுதச் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஆட்களின் பெயர், சொந்த ஊர், கம்பெனி, வங்கி எதையும் குறிப்பிடவில்லை. நடந்ததை நடந்த வரிசையிலேயே தருகிறேன்.

பின்னணி

சம்பவம் நடந்தது 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், சிங்கப்பூரின் மேற்கே ஜூரோங் வட்டாரத்தில். அந்த இளைஞருக்கு வயது முப்பதைத் தொடும். காவிரி டெல்டா பக்கம் ஊர். டிப்ளமா முடித்து ஒர்க் பெர்மிட்டில் வந்தவர், பிறகு எஸ் பாஸ் என்ற அடுத்த நிலை வேலை அனுமதி கிடைத்து ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருந்தார். வீவக எனப்படும் அரசு வீட்டு வாரியத்தின் அடுக்குமாடிப் புளோக் ஒன்றில், ஒரே அறையில் இன்னொருவரோடு வாடகைக்குக் குடியிருந்தார். அந்த இன்னொருவர் ஐம்பதை நெருங்குபவர். மதிய ஷிப்டுக்குப் போனால் இரவு பத்தரைக்குத்தான் திரும்புவார். அவரை இங்கே 'மூத்தவர்' என்று சொல்கிறேன்.

நான் சிங்கப்பூர் வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. புதிதாக வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவது, வங்கிக்குக் கூடப் போவது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் என்னால் முடிந்ததைச் செய்கிறேன். மூத்தவர் என்னுடைய பழைய அறைக்காரர். அப்படித்தான் அன்றிரவு எனக்கு போன் வந்தது.

வெளிநாடு கிளம்பும் பிள்ளைக்கு வீட்டில் சொல்லி அனுப்பும் புத்தி எல்லாம் தெருவைப் பற்றியதாகவே இருக்கும். ராத்திரியில் தனியாகப் போகாதே, பணத்தைப் பையில் வைக்காதே, பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வை. சிங்கப்பூரில் நள்ளிரவில் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து தனியாக வீட்டுக்கு நடந்து வரலாம், பயமில்லை. ஆனால் 2024இல் மட்டும் இதே ஊரில் மோசடிக்காரர்களிடம் மக்கள் பறிகொடுத்தது குறைந்தது 110 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்). அதில் பெரும்பகுதி போன் வழியாகவும் இணையம் வழியாகவும் போனது.

இந்த இளைஞரிடம் இன்னொரு பயமும் இருந்தது. பாஸ் வைத்திருக்கும் எல்லாரிடமும் அது உண்டு. ஏதாவது ஒரு கேஸில் பெயர் வந்தால் பாஸ் கேன்சல், அடுத்த விமானத்தில் ஊர். ஊரில் வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். இந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நடந்தது முழுக்க அதன் மேல்தான் கட்டப்பட்டிருந்தது.

அழைப்பு வந்த இரவு

வியாழக்கிழமை இரவு 8.40. வேலை முடிந்து வந்து சோறு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் குரல், ஆங்கிலத்தில். வங்கியின் கார்டு பிரிவிலிருந்து பேசுவதாகவும், அவர் கார்டில் 2,700 வெள்ளிக்குப் பொருள் வாங்கப்பட்டிருப்பதாகவும் சொன்னாள். இவர் இல்லை என்றார். "அப்படியானால் உங்கள் பெயரில் வேறு யாரோ கணக்கு திறந்திருக்கிறார்கள், மனிதவள அமைச்சுக்கு இணைக்கிறேன்" என்றாள்.

அடுத்து வந்த ஆண் இவருடைய முழுப் பெயரையும், வெளிநாட்டவருக்கு இங்கே தரும் அடையாள எண்ணான ஃபின் எண்ணையும் தானாகவே வாசித்துக் காட்டினான். பிறகு, "நீங்கள் தமிழரா? தமிழ் தெரிந்த அதிகாரியைப் பேசச் சொல்கிறேன்" என்று மூன்றாவது ஆளுக்கு மாற்றினான். அந்த ஆள் நல்ல தமிழில், மிகப் பொறுமையாகப் பேசியிருக்கிறான். "தம்பி, பயப்படாதீங்க, உங்க மேல தப்பு இல்லைன்னு எனக்குத் தெரியுது, ஆனா அதை நிரூபிக்கணும்." அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்துவிட்டேன் என்று அவர் பிறகு சொன்னார்.

9.15க்கு அழைப்பு வாட்ஸ்அப் வீடியோவுக்கு மாறியது. திரையில் கருநீலச் சீருடையில் ஒருவன், பின்னால் சுவரில் காவல்துறைச் சின்னம். இவர் பெயரும் படமும் போட்ட ஒரு கைது ஆணையை அனுப்பினான். கள்ளப் பண விசாரணை, ரகசியச் சட்டத்தின் கீழ் வருகிறது, அறையில் இருப்பவரிடமோ கம்பெனியிடமோ ஊரிலோ வாயைத் திறந்தால் அதுவே தனிக் குற்றம் என்றான். யாருக்கும் கேட்காத இடத்துக்குப் போகச் சொன்னான். இவர் லிஃப்டில் இறங்கிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள கல் மேசைக்குப் போய்விட்டார்.

அங்கே வைத்து வேலை அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். ஊர் முகவரி, வீட்டில் உள்ளவர்களின் போன் எண் எல்லாவற்றையும் 'வாக்குமூலம்' என்ற பெயரில் வாங்கினார்கள். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டபோது 5,000 என்று சொல்லியிருக்கிறார். முழுவதையும் சொல்ல உள்ளூர ஏதோ தடுத்திருக்கிறது. அதில் 4,800 வெள்ளியை, அதாவது மூன்று லட்சம் ரூபாய்க்கும் மேல், 'பரிசோதனைக் கணக்கு' ஒன்றுக்கு, உடனடிப் பணப் பரிமாற்ற வசதியான பேநவ் மூலம் அனுப்பச் சொன்னார்கள். 9.50க்கு அனுப்பினார்.

அதன்பின் வாட்ஸ்அப்பில் திரையைப் பகிரச் சொன்னார்கள். பகிர்ந்ததும் மீதி இருப்பு அவர்கள் கண்ணில் பட்டது. குரல் மாறியது. "அதிகாரியிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள், இது இன்னொரு வழக்கு." இன்னும் 9,500 வெள்ளி அனுப்பவேண்டும், அதற்கு முதலில் செயலியில் பரிமாற்ற வரம்பை உயர்த்தவேண்டும் என்று ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

மூத்தவர் பார்த்தது

10.35க்கு மூத்தவர் வேலை முடிந்து வந்தார். கல் மேசையில் தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து, அதன் எதிரே இளைஞர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பனியன் முதுகில் ஒட்டியிருந்தது. "என்ன தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மேசைக்குக் கீழே கையை மட்டும் அசைத்து 'போங்க' என்று காட்டினார்.

மூத்தவர் போகவில்லை. வீடியோவில் தெரியாத பக்கமாக எதிரே உட்கார்ந்தார். தன்னுடைய போனை எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, 'யாரு?' என்று தட்டி, தூக்கிக் காட்டினார். இளைஞர் உதட்டை மட்டும் அசைத்தார்: போலிஸ். மூத்தவர் அடுத்து, 'காசு கேக்குறானா?' என்று தட்டினார். இளைஞரின் கண் கலங்கிவிட்டது. மூத்தவர் கையை நீட்டிப் பாட்டிலைச் சாய்த்தார், போன் குப்புற விழுந்தது, அழைப்பைத் துண்டித்தார். உடனே எனக்கு அடித்தார். அப்போது மணி 10.50.

பிறகு யோசித்ததில் பிடிபட்டவை

அழைப்புப் பட்டியலைப் பார்த்தோம். முதல் எண் +65 என்று தொடங்கியிருந்தது. சிங்கப்பூருக்குள்ளிருந்து வரும் அழைப்பில் முன்னால் கூட்டல் குறி வராது. 2020லிருந்து வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டும்தான் அந்தக் குறி காட்டப்படுகிறது. 65 என்ற எண்ணைப் பார்த்து உள்ளூர் என்று இவர் நினைத்தார். அந்தக் கூட்டல் குறிதான் அது வெளியே இருந்து வந்தது என்பதற்கு அடையாளம்.

ஃபின் எண்ணைச் சொன்னார்கள் என்பது இவருக்குப் பெரிய ஆதாரமாகப் பட்டிருக்கிறது. யோசித்துப் பார்த்தால், வாடகை ஒப்பந்தம், பயிற்சி வகுப்பு, பணம் அனுப்பும் கடை, வேலை ஏஜென்ட் என்று எத்தனை இடத்தில் அந்த எண்ணை நாம் எழுதிக் கொடுக்கிறோம். அது தெரிந்தவன் எல்லாம் அதிகாரி ஆகிவிட மாட்டான்.

என்னை மிகவும் உறுத்துவது பேநவ் திரை. உறுதி செய்யும் முன்பு பெறுபவரின் பெயர் அதில் தெரியும். தெரிந்தது ஒரு தனி ஆளின் பெயர். இவர் அதைக் கேட்டும் இருக்கிறார். "அது இந்த வழக்கைப் பார்க்கும் அதிகாரியின் பெயர்" என்று பதில் வந்தது. கண்ணுக்கு எதிரே உண்மை இருந்தது, சந்தேகமும் வந்தது, ஆனால் அந்தச் சந்தேகத்தைக் கேட்க இவருக்கு இருந்த ஒரே ஆள் மோசடிக்காரன்தான். பக்கத்தில் வேறு யாரும் இல்லாதபடி முதலிலேயே பார்த்துக்கொண்டார்கள்.

சிங்கப்பூரில் எந்த அரசு அதிகாரியும் போனில் பணம் அனுப்பச் சொல்ல மாட்டார், வங்கி விவரம் கேட்க மாட்டார், அழைப்பைப் போலிசுக்கு மாற்றிவிட மாட்டார். இது எம்ஆர்டி ரயிலிலும் புளோக் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருக்கிறது. இவரும் படித்திருக்கிறார். பயந்தவனுக்கு அது ஞாபகம் வருவதில்லை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

நான் போனில் சொன்ன முதல் காரியம், வங்கிச் செயலியைத் திறந்து அவசர முடக்கத்தை அழுத்துவது. 'கில் சுவிட்ச்' என்று இங்கே சொல்வார்கள். அதை அழுத்தினால் கார்டு, இணைய வங்கி எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிடும். வங்கிக்கு முதலில் போன் செய்யலாமே என்று மூத்தவர் கேட்டார். வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும், முடக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும் என்பதால் அதை முதலில் செய்தோம். அடுத்து வங்கியின் மோசடிப் பிரிவுக்கு அழைத்து, 4,800 போன நேரத்தையும் பரிவர்த்தனை எண்ணையும் கொடுத்தோம்.

இளைஞர் இன்னமும் பாதிதான் நம்பினார். "நிஜமா இருந்துட்டா என்னண்ணே பண்றது? கட் பண்ணதுக்கே கேஸ் போடுவாங்களே" என்றார். வாதம் செய்வதில் பலன் இல்லை என்று தெரிந்தது. 1799க்கு அவரையே போன் செய்ய வைத்தேன். மோசடியா இல்லையா என்று கேட்பதற்கென்றே உள்ள எண் அது. 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். நாங்கள் பத்து நிமிடமாகச் சொன்னது ஏறாத இடத்தில், அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டு வாக்கியத்தில் சொன்னது ஏறியது. அப்படியும் நம்ப மறுத்திருந்தால் போலிசிடம் சொல்லியிருப்போம். 2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, ஏமாறுகிறவர் கேட்காவிட்டாலும் அவர் கணக்கைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்த வங்கிகளுக்குப் போலிஸ் உத்தரவிடலாம், முதலில் 30 நாள் வரை.

வாட்ஸ்அப் உரையாடலை அவமானத்தில் அழிக்கப் போனார். மூத்தவர் தடுத்தார். அந்தப் படங்களும் எண்களும்தான் புகாருக்குக் கையில் இருந்த பொருள்.

அடுத்த கேள்வி, போலிசுக்கு இன்றே போவதா, காலையில் போவதா. இளைஞருக்குப் போகவே விருப்பமில்லை. புகார் கொடுத்தால் தன் பெயர் கம்ப்யூட்டரில் ஏறிவிடும், பாஸ் புதுப்பிக்கும்போது இடிக்கும் என்றார். இது தவறான கணக்கு. ஏமாந்தது குற்றம் இல்லை. தன் வங்கிக் கணக்கையோ, சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளக் கணக்கையோ வேறொருவர் பயன்படுத்தக் கொடுப்பதுதான் குற்றம். புகார் கொடுக்காமல் விட்டால், கையில் சிக்கிய இவர் விவரங்களை வைத்து நாளைக்கு யாராவது எதையாவது செய்யும்போது, இவர் பக்கம் காட்ட ஒரு தாளும் இருக்காது. இதைச் சொன்னபோதுதான் எழுந்து சட்டை மாட்டினார். சிங்பாஸ் விவரமும் வெளியே போயிருக்குமோ என்ற சந்தேகம் இருந்ததால் இணையத்தில் புகார் கொடுக்காமல் நேரே அக்கம்பக்கப் போலிஸ் நிலையத்துக்கு டாக்சியில் போனோம். நள்ளிரவு 12.20க்குப் புகார் பதிவானது.

கடைசி முடிவுதான் கடினமானது. ஊரில் அம்மாவிடம் சொல்வது. இளைஞர் கையெடுத்துக் கும்பிட்டார், வேண்டாம் என்று. தங்கை கல்யாணப் பணம் போச்சு என்று அம்மா படுத்துவிடுவார் என்றார். மூத்தவர் விடவில்லை. "அம்மா நம்பரை அவன்கிட்ட குடுத்துருக்கே. அவன் அங்க போன் பண்ணா யாரு பதில் சொல்றது?" அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. இதே மோசடி இந்தியாவில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற பெயரில் வீடு வீடாக நடக்கிறது. ஊரில் அப்போது இரவு பத்தரைதான். இளைஞருடைய தம்பியின் போனுக்கு அழைத்து அம்மாவை எழுப்பச் சொன்னார். ஏமாந்த கதையை இளைஞரே சொன்னார். அம்மா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "நீ பத்திரமா இருக்கியா, அதைச் சொல்லு" என்றார்.

அதன்பின் நடந்தவை

வெள்ளிக்கிழமை காலை இளைஞருடைய கணக்கு, கார்டு எல்லாம் முடங்கியிருந்தன. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் காசில்லை. மூத்தவர் 50 வெள்ளி கொடுத்தார். முடக்கத்தை எடுக்கத் திங்கட்கிழமை நேரில் வங்கிக்குப் போனோம். அன்றே சிங்பாஸ் கடவுச்சொல்லை மாற்றினோம்.

திங்கட்கிழமை இரவு அம்மாவுக்குப் போன் வந்தது. வாட்ஸ்அப்பில், சீருடைப் படத்தோடு. மகன் சிங்கப்பூர் ஜெயிலில் இருக்கிறான், வெளியே எடுக்க இரண்டு லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்று. பின்னால் யாரோ அழும் சத்தம் கூடக் கேட்டதாம். "எம்மவன் இப்பத்தான் எங்கிட்ட பேசிட்டு வச்சான், நீ வை" என்று அம்மா வைத்துவிட்டார். அந்த எண்ணை இளைஞரின் தம்பி 1930இல் புகாராகக் கொடுத்தார். இணையக் குற்றங்களுக்கான இந்திய உதவி எண் அது.

கம்பெனியில் மனிதவளப் பொறுப்பில் இருந்தவரிடம் இளைஞரே போய்ச் சொன்னார். பாஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அந்த நிறுவனத்தில் இன்னும் இரண்டு பேர் அதே அழைப்பு தங்களுக்கும் வந்ததாக அவரிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். அதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பணம் போன கணக்கை முடக்கும்போது அதில் பெரும்பகுதி வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தது. பல மாதம் கழித்து 1,100 வெள்ளி திரும்பி வந்தது. 3,700 போனது போனதுதான். இரண்டாவது கேட்ட 9,500 தப்பியது.

ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து இன்னொருவன் வந்தான். இழந்த பணத்தை மீட்டுத் தரும் வழக்கறிஞர் அலுவலகமாம், முன்பணம் 400 வெள்ளியாம். ஒருமுறை ஏமாந்தவரின் எண் கை மாறிக்கொண்டே இருக்கும். இந்த முறை இளைஞர் பதில் எழுதுவதற்கு முன்பே அந்தச் செய்தியை எனக்கும் மூத்தவருக்கும் அனுப்பிவிட்டார்.

எதை மாற்றிச் செய்திருக்கலாம்

முதலில் என்னுடைய தவறு. 10.50க்குப் போனை எடுத்ததும் நான் கேட்டது, "படிச்ச புள்ள, இப்படியா பண்ணுவே?" அந்தக் கேள்விக்குப் பிறகு இளைஞர் சுருங்கிவிட்டார். வேலை அட்டையின் படத்தைக் கொடுத்ததையும், திரையைப் பகிர்ந்ததையும் அப்போது சொல்லவில்லை. டாக்சியில் போகும்போதுதான் மூத்தவரிடம் மெல்லச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் எங்களுக்கு முழு விவரம் தெரியாமலே முடிவு எடுத்துக்கொண்டிருந்தோம். இனி இப்படி ஒரு போன் வந்தால் என் முதல் கேள்வி "இப்போ லைன்ல யாராவது இருக்காங்களா?" என்பதாகத்தான் இருக்கும். இரண்டாவது, "என்னென்ன குடுத்தே?" மற்றதெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம்.

முன்கூட்டியே செய்திருக்க வேண்டியவை சில உண்டு. வெளிநாட்டு அழைப்புகளை அடியோடு தடுக்கும் வசதி இங்கே தொலைபேசி நிறுவனங்களிடம் இருக்கிறது. நம் ஆட்கள் வீட்டோடு பேசுவதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான். தடுத்தால் பெரிதாக ஒன்றும் குறையாது, முதல் அழைப்பே வந்திருக்காது. அரசிடமிருந்து எஸ்எம்எஸ் வந்தால் அனுப்புநர் பெயர் 'கவ்.எஸ்ஜி' (gov.sg) என்றுதான் இருக்கும், 2024 ஜூலையிலிருந்து பெரும்பாலான அரசு அமைப்புகளுக்கு அதுவே நடைமுறை. சேமிப்பில் கை வைக்காத பகுதியை வங்கியில் பூட்டி வைக்கலாம். பூட்டிய தொகையை இணையம் வழியே யாருக்கும் அனுப்ப முடியாது. இளைஞர் 10,000 வெள்ளியைப் பூட்டி வைத்திருந்தால் அன்றிரவு மூத்தவர் அரை மணி நேரம் தாமதமாக வந்திருந்தாலும் அந்தப் பணம் இருந்திருக்கும். மூத்தவர் நேரத்துக்கு வந்ததைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று சொல்ல முடியாது. அன்றைக்கு ஓவர்டைம் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் மேலாக நான் மாற்றியிருக்கும் ஒன்று, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் முறை. முன்பெல்லாம் மோசடி வகைகளை ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வகை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, சொன்னதும் நினைவில் நிற்பதில்லை. இப்போது ஒரே ஒரு காரியம் செய்யச் சொல்கிறேன். எந்த நேரத்திலும் போன் செய்யக்கூடிய ஓர் ஆளை இப்போதே முடிவு செய். "யாரிடமும் சொல்லாதே" என்று எவன் சொன்னாலும், அவன் போலிசாக இருந்தாலும், அமைச்சாக இருந்தாலும், லைனைக் கட் செய்துவிட்டு அந்த ஆளைக் கூப்பிடு. சிங்கப்பூரில் எந்த விசாரணையும் ஒரு போன் கட் ஆனதற்காக நின்றுபோகாது. நிஜமான அதிகாரிக்கு உன் கம்பெனி தெரியும், வீடு தெரியும், கடிதம் அனுப்பத் தெரியும்.

அந்த இளைஞர் இன்னும் அதே அறையில்தான் இருக்கிறார். அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: போலிஸ் அவசர எண் 999, 1799, வங்கியின் மோசடிப் பிரிவு எண், மூத்தவர் எண், என் எண். போன மாதம் பக்கத்து அறைக்குப் புதிதாக ஒரு பையன் வந்தான், முதல் முறை சிங்கப்பூர். சிம் கார்டு வாங்கக் கூட்டிப்போன இளைஞர், கடையில் நின்றபடியே வெளிநாட்டு அழைப்பைத் தடுத்துவிட்டு, அந்தத் தாளைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பியிருக்கிறார். மூத்தவர்தான் எனக்குச் சொன்னார்.